செருப்புப் போட்ட கால்

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எங்களுக்குப் பேப்பர் திருத்தும் முகாம் உண்டு. பெரிய ஹால், நீள நீள மேசைகள், காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் ஃபேன். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. ஆங்கில இலக்கியம், விக்டோரியா காலம் என்று தாள் வந்தால் 'ஹாப்கின்ஸ் கவிதைகளில் இயற்கையும் இறை நம்பிக்கையும்' என்ற பத்து மார்க் கேள்வி பெரும்பாலும் வந்துவிடும். பதிலும் ஒரே அச்சில் வரும். "ஹாப்கின்ஸ் இயற்கையை நேசித்தார். இயற்கையில் இறைவனைக் கண்டார். ஆகவே இறைவனைப் புகழ்ந்தார்." கைடில் உள்ள மூன்று வாக்கியங்கள். மாணவனாக இருந்தபோது நானும் இதே மூன்றை எழுதித்தான் பாஸானேன்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'ஆகவே' செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்துகிறது. அழகைப் பார்த்தார், உடனே கும்பிட்டார் என்கிற மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் பட்ட பாடு எங்கே போயிற்று?

செருப்பு என்றது சும்மா வாயில் வந்த உவமை இல்லை. 'காட்ஸ் கிராஞ்சர்' என்ற அவருடைய கவிதையில் எத்தனை முறை வாசித்தாலும் நான் நின்றுவிடுகிற இடம் அதுதான். முதல் வரியில் உலகம் முழுக்கக் கடவுளின் மகத்துவம் மின்சாரம் போல ஏறியிருக்கிறது என்கிறார். ஆட்டிய ஜிகினாத் தாள் போல அது பளீரென்று தெறிக்கும். செக்கில் நசுங்கிய எண்ணெய் போல ஊறி ஊறித் திரளும். இவ்வளவு இருந்தும் மனிதர்களுக்கு ஏன் உறைக்கவில்லை? அதற்கு அவர் சொல்லும் காரணத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

"தலைமுறைகள் மிதித்தன, மிதித்தன, மிதித்தன;
எல்லாம் வணிகத்தில் கருகி, உழைப்பில் மங்கி, அழுக்கேறி,
மனிதக் கறை பூசி, மனித வாடை வீசிக் கிடக்கிறது.
மண் மொட்டையாகிவிட்டது. கால் அதை உணரவும் வழியில்லை,
செருப்புப் போட்டிருக்கிறதே!"

மூன்று முறை மிதித்தன. ஆலைக்குப் போகிற கால்கள், சுரங்கத்துக்குப் போகிற கால்கள். 1877 பிப்ரவரியில் எழுதிய கவிதை இது. உலகத்தின் தொழிற்சாலை என்று இங்கிலாந்து மார்தட்டிக்கொண்ட காலம். கடவுள் எங்கும் போய்விடவில்லை, நம் காலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தோல் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்.

இந்தச் செருப்பு அவருக்கு முன்பே ஒருவரிடம் வந்திருக்கிறது. எலிசபெத் பாரெட் பிரவுனிங் 1856இல் வெளியிட்ட 'அரோரா லீ' என்ற நெடுங்கவிதையில் பூமி முழுக்க வானகம் திணிந்து கிடக்கிறது என்கிறார். சாதாரணப் புதர் ஒவ்வொன்றும் கடவுளால் பற்றி எரிகிறது. ஆனால் பார்க்கத் தெரிந்தவன் மட்டும்தான் செருப்பைக் கழற்றுகிறான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பிளாக்பெர்ரி பறிக்கிறார்கள். எரியும் முட்புதருக்கு முன்னால் மோசேயிடம் 'உன் மிதியடியைக் கழற்று' என்று ஒலித்த குரல்தான் மூலம். அந்தப் பிளாக்பெர்ரி வரியில் இருக்கிற நக்கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாவம், பழம் பறிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குப் பசி.

கால் என்று தேட ஆரம்பித்ததும் அந்தக் காலத்துக் கவிஞர்கள் பலரும் தரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று படுகிறது. டென்னிசனின் நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல், 22 வயதில், வியன்னாவில் திடீரென்று இறந்துபோனார். அந்தச் சாவை டென்னிசன் பதினேழு வருஷம் மனசில் போட்டு அரைத்து 1850இல் 'இன் மெமோரியம்' என்று வெளியிட்டார். பல்லும் நகமும் இரத்தச் சிவப்பான இயற்கை என்று இன்றுவரை எல்லோரும் எடுத்தாளும் தொடர் அதில்தான் வருகிறது. டார்வினின் புத்தகம் வர இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. டென்னிசன் படித்திருந்தது சார்ல்ஸ் லயலின் நிலவியல். பாறை அடுக்குகளில் இனம் இனமாக அழிந்துகிடக்கும் உயிர்களைப் பார்த்தவருக்கு, ஐம்பது விதையில் ஒன்றை மட்டும் முளைக்கவிடும் இயற்கை அன்பே உருவான கடவுளின் கைவேலை என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. "உறுதியாக மிதித்து நடந்த இடத்தில் இப்போது தடுமாறுகிறேன்" என்கிறார். இருட்டுக்குள் கடவுளை நோக்கி ஏறும் பலிபீடப் படிகளில் கவலைச் சுமையோடு விழுகிறேன் என்கிறார். 1867இல் வெளியான 'டோவர் பீச்'சில் மேத்யூ ஆர்னால்டுக்கு மிதிக்கப் படியும் இல்லை. விசுவாசக் கடல் வற்றிப் பின்வாங்குகிற இரைச்சலைக் கேட்டபடி வெறும் கூழாங்கல் கரையில் நிற்கிறார்.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டு ஹாப்கின்ஸை மட்டும் தனியாக எடுத்து 'இறைவனைப் புகழ்ந்தார்' என்று எழுதினால் பஜனைப் பாட்டு எழுதியவர் மாதிரி ஆகிவிடுகிறது. சுற்றியிருந்தவர்களுக்குத் தரை வழுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் குனிந்து தரையைப் பார்த்தார். குனிந்து என்றால் நிஜமாகவே குனிந்து. ஸ்டோனிஹர்ஸ்ட் என்ற இடத்தில் இயேசு சபைக் கல்லூரியில் அவர் படித்த காலத்தைப் பற்றி அங்கு வேலை செய்த ஒருவர் பின்னாளில் சொன்ன நினைவு ஒன்று உண்டு. மழை நின்று வெயில் அடித்தால் போதும், இவர் ஓடிவந்து தோட்டப் பாதையில் குந்தி உட்கார்ந்து ஈர மணலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாராம். மண்ணில் கலந்த குவார்ட்ஸ் கல் பொடி வெயிலில் மின்னுவது காய்ந்துபோவதற்குள் பார்த்தாக வேண்டுமே! வேலைக்காரர்கள் இவரை ஒரு மாதிரியான ஆள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் பிறந்தது 1844. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த குடும்பம், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஜோவெட். இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். திருவாசகத்தை மொழிபெயர்க்க ஆசை, ஆனால் இந்த வயதில் முடிப்பேனா என்று ஜி.யு. போப் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் அதுவே ஆயுளை நீட்டும் என்று பேலியல் முற்றத்தில் தைரியம் சொன்னவரும் இதே ஜோவெட்தான். போப்பே தன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஹாப்கின்ஸ் நடந்த அதே முற்றம் என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

1866 அக்டோபரில் ஹாப்கின்ஸ் கத்தோலிக்கரானார். ஜான் ஹென்றி நியூமன் அவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். பெற்றோருக்கு இடி விழுந்த மாதிரி. அன்றைய இங்கிலாந்தில் அது சாதி மாறிக் கல்யாணம் செய்துகொள்வதற்குச் சற்றும் குறைந்ததில்லை. 1868இல் துறவு போவதென்று முடிவெடுத்ததும் அதுவரை எழுதிய கவிதைகளை எரித்தார். நாட்குறிப்பில் அதற்கு அவர் வைத்த பெயர், ஏரோது அரசன் கொன்ற 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை'. கொஞ்சம் நாடகம்தான், வயது 23.

எரித்ததைவிட அடுத்த வருஷம் செய்த காரியம்தான் என்னை அசைக்கிறது. 1869 ஜனவரி 25 முதல் ஜூலை 25 வரை ஓர் ஒறுத்தலை மேற்கொண்டார். கண்ணைக் காக்கும் ஒறுத்தல். தலை நிமிர்ந்து எதையும் ரசித்துப் பார்க்கக் கூடாது. வசந்தம் வந்து கோடையும் வந்துவிட்டது. நாட்குறிப்பில் ஒரே வரி: ஒறுத்தலில் இருந்ததால் அந்த அரை வருஷம் அதிகம் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். புலம்பல் கிடையாது. மேகத்தின் விளிம்பு எப்படிச் சுருள்கிறது, அலை உடையும்போது நுரை எப்படிப் பின்னுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள் ஆறு மாதம் தரையைப் பார்த்து நடந்திருக்கிறார். அழகு கடவுளிடம் கொண்டுசேர்க்கும் என்று அவர் முதலிலேயே நம்பிவிட்டதாக நாம் நினைக்கிறோம். அழகு தன்னைக் கடவுளிடமிருந்து பிரித்துவிடுமோ என்ற பயம்தான் அவருக்கு முதலில் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம், 1870 மே மாதம், நாட்குறிப்பில் வேறொரு வரி. புளூபெல் என்ற நீலப் பூவை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதுகிறார்: இதைவிட அழகான எதையும் நான் கண்டதாக நினைவில்லை, நம் ஆண்டவரின் அழகை இதனால் அறிகிறேன். கவனியுங்கள், பூக்களால் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு பூவால். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே அதற்கான ஓர் உள்ளுரு இருக்கிறது என்பது அவருடைய பிடிமானம்; அதற்கென்று 'இன்ஸ்கேப்' என்று தனிச்சொல்லே உண்டாக்கினார். பிறகு 1872இல் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற இடைக்கால இறையியலாளரைப் படித்தபோது துணை கிடைத்துவிட்டது. மரம் என்ற பொதுவைவிட 'இந்த மரம்' என்ற இதுத்தன்மையே மேலானது என்ற வாதம் ஸ்கோட்டஸினுடையது. இனி உற்றுப் பார்ப்பது பாவமில்லை, ஜெபம். 1873 ஏப்ரலில் தோட்டத்து மூலையில் நின்ற ஆஷ் மரம் ஒன்றை வெட்டினார்கள். வெட்டுச் சத்தம் கேட்டு வெளியே பார்த்தவர், உலகத்தின் உள்ளுருக்கள் அழிவதை இனியும் பார்க்காமல் செத்துப்போக விரும்பினேன் என்று எழுதினார். ஒரு மரத்துக்கு.

கவிதைக்கு அவர் திரும்பியது இயற்கையின் அழகால் அல்ல என்பதுதான் வேடிக்கை. 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்ற கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அருகே பனிப்புயலில் மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. ஜெர்மனியின் சமயச் சட்டங்களால் வெளியேறிய ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர்கள் அதில் மூழ்கினார்கள். வேல்ஸில் செயின்ட் பியூனோ இல்லத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்த ஹாப்கின்ஸிடம் அங்கிருந்த அதிபர், யாராவது இதைப் பற்றிக் கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஏழு வருஷம் அடைத்து வைத்திருந்தது 35 செய்யுள்களாகக் கொட்டியது. இயற்கையைப் போற்றியவர் என்று நாம் பெயர் கொடுத்தவரின் முதல் பெரிய கவிதையில் இயற்கை கன்னியர்களைக் கொல்கிறது. அந்தக் கடலுக்கும் கடவுள்தான் எஜமான் என்று சொல்ல அவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் சொந்தப் பத்திரிகையே அதைப் பிரசுரிக்கவில்லை.

இந்தக் கடலைத் தாண்டி வந்த பிறகுதான் 1877ஆம் வருஷத்துக் கவிதைகள். பாடத்தில் வைக்கிற எல்லாமே அநேகமாக அந்த வருஷத்து வேல்ஸ் பள்ளத்தாக்கில் விளைந்தவை. அங்கே வேல்ஷ் மொழி கற்றுக்கொண்டார். அந்த மொழியின் மரபுக் கவிதையில் மெய்யெழுத்துகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். நமக்கு மோனையும் எதுகையும் மாதிரி என்று சொன்னால் வகுப்பில் உடனே முகங்கள் மலரும். ஆங்கிலம் தெரியாத என் அம்மாவிடம் ஒருமுறை 'விண்ட்ஹோவர்' முதல் நான்கு வரிகளை உரக்கப் படித்துக் காட்டினேன். "என்னவோ பருந்து சுத்துற மாதிரி இருக்குடா" என்றாள். ராஜாளி இனப் பறவை ஒன்று காற்றில் நின்று மிதப்பதைப் பற்றிய கவிதை அது என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதன் கடைசியில் பறவையை விட்டுவிட்டு ஏருக்கு வருகிறார். நடையாய் நடந்து உழுது உழுதே மண்ணில் பளபளப்பு ஏறும் என்கிறார். மறுபடி கால்தான்.

'பைட் பியூட்டி'யை மொழிபெயர்க்கப் பல வருஷமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் பத்தரை வரி. முதல் வரியிலேயே சிக்கல். புள்ளியும் திட்டுமாக இருப்பவை எல்லாவற்றுக்காகவும் கடவுளுக்கு... மகிமையா, மாட்சியா? சீர்திருத்தச் சபைக்காரர்களின் வேதாகமத்தில் மகிமை. கத்தோலிக்கப் பூசையில் மாட்சி. சபை மாறி அப்பா அம்மாவை நோகடித்த மனிதருக்கு இதில் தவறான சொல்லைப் போட்டுவிடக் கூடாது. மாட்சி என்று வைத்தேன். அடுத்து இரு நிற வானம், அதற்கு உவமை ஒரு மாடு. எங்கள் பக்கம் மாட்டுக்கு மயிலை, செவலை, காரி, மறை என்றெல்லாம் நிறம் சொல்வார்கள். மறை என்றால் திட்டுத் திட்டாக இருப்பது. அவர் சொல்வது கோடு கோடாக நிறம் ஓடிய மாடு. அதற்கு ஒற்றைச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. நீந்தும் டிரவுட் மீனின் மேல் ரோஜா நிற மச்சம், விழுந்து உடைந்து தணல் போலத் தெரியும் செஸ்ட்நட் கொட்டை, சிட்டுகளின் சிறகு, துண்டு துண்டாய்த் தைத்த துணி போன்ற வயல்வெளி. பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று: எல்லாத் தொழில்களும், அவற்றின் கருவிகளும் தட்டுமுட்டுகளும். 'காட்ஸ் கிராஞ்சர்' கவிதையில் உலகைக் கருக்கியது எதுவோ அதே தொழில் இங்கே மாட்சியின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கொல்லன் பட்டறைச் சுத்தியலும் சிட்டுச் சிறகும் ஒரே வரிசை. கைடு எழுதுபவர்கள் இதை ஏனோ தொடுவதில்லை.

அந்தக் கொல்லன் மூன்று வருஷம் கழித்து ஆளாகவே வந்துவிட்டான். 1880இல் லிவர்பூலில் பங்குப் பணி. ஹாப்கின்ஸ் வெறுத்த புகை நகரம். அங்கே நோயில் விழுந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் என்ற சடங்கை அவர் கையால் பெற்று இறந்த லாடக் கொல்லன் ஒருவனைப் பற்றியது 'பீலிக்ஸ் ராண்டல்'. திடகாத்திரமாக இருந்தவன் கிடந்து தேய்ந்ததையும், தன் விரல்கள் அவன் கண்ணீரைத் துடைத்ததையும் சொல்லிவிட்டு, அவனுடைய பழைய நாளுக்குப் போகிறார். உலைக்கு முன்னால் சகாக்கள் நடுவே நின்று பெரிய சாம்பல் நிற வண்டிக்குதிரைக்கு அதன் ஒளிரும், அதிரும் செருப்பை அடித்துக் கொடுத்தாயே! லாடம் என்று எழுதவில்லை. செருப்பு என்றுதான் எழுதினார். மண்ணைக் கால் உணரவிடாமல் செய்ததும் செருப்பு, இப்போது கவிதையை முடித்துவைக்கும் மகுடமும் செருப்பு. இதற்கு முந்தைய வருஷம் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் பின்சியில் ஆற்றோர மரங்களை வரிசையாக வெட்டிச் சாய்த்தபோது எழுதிய கவிதையிலும் ஒரு செருப்பு உண்டு. புல்லிலும் நீரிலும் நீந்திய அம்மரங்களின் நிழல் செருப்பணிந்த நிழலாம். அதே கவிதையில், நாட்டுப்புறத்தைத் தொடுவது கண்மணியைத் தொடுவது போல என்கிறார். ஒரு குத்துதான். அதன் பிறகு கண்ணே இல்லை.

அவருடைய கண்ணை வெறும் பக்தனின் கண் என்று நினைத்துவிடக் கூடாது. 1883 ஆகஸ்டில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து உலகம் முழுக்க வானம் நிறம் மாறியது. அந்தச் செப்டம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் விசித்திரமான மாலை வானத்தை நிறம் நிறமாகப் பிரித்து 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு ஹாப்கின்ஸ் எழுதிய கடிதம் 1884 ஜனவரியில் வெளியானது. அவர் உயிரோடு இருந்தபோது அச்சான மிகச் சொற்ப எழுத்துகளில் அதுவும் ஒன்று.

அதே 1884இல் டப்ளினுக்கு கிரேக்கப் பேராசிரியராக அனுப்பினார்கள். பேராசிரியர் என்று பேர், வேலை பேப்பர் திருத்துவது. கையில் 557 விடைத்தாள்கள் இருப்பதாக நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு ஒரு கடிதத்தில் புலம்புகிறார். பட்டவர்களுக்குத்தான் தெரியும் என்கிறார். முகாமில் என் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஒரு பேப்பருக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?" என்று கேட்டார்.

டப்ளினில் அவரை இருட்டு பிடித்துக்கொண்டது. 1885 வாக்கில் எழுதிய சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதைகளில் மீனும் இல்லை, சிட்டும் இல்லை. நடு இரவில் விழித்து, பகலுக்குப் பதில் இருளின் உரோமத்தைத் தொட்டுணர்கிற ஒருவன் மட்டும் இருக்கிறான். விசுவாசம் போய்விட்டதா என்றால் இல்லை. பேசிக்கொண்டிருப்பது கடவுளிடம்தான், பதில்தான் வரவில்லை. 1889 ஜூன் 8 அன்று டைபாய்டில் இறந்தார். வயது 44. அவர் கவிதைகளைப் பத்திரமாக வைத்திருந்த பிரிட்ஜஸ் 1918இல்தான் புத்தகமாக்கினார். அச்சிட்ட 750 பிரதிகள் விற்றுத் தீரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

சாவதற்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் 17 அன்று, ஒரு சானெட் எழுதினார். கடவுளே, நீர் நீதியுள்ளவர்தான், ஆனால் என் வழக்கும் நியாயமானதுதான் என்று வக்கீல் மாதிரி ஆரம்பம். பாவிகள் செழிக்கிறார்கள், நான் தொட்டதெல்லாம் ஏன் விளங்கவில்லை? என்னிடம் நட்புக் கொண்ட நீரே இப்படியென்றால் பகைவராக இருந்திருந்தால் இன்னும் என்ன செய்திருப்பீர்? வழக்கு இப்படிச் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் வேலியோரம் கண்ணில் பட்டுவிடுகிறது. கரையும் புதரும் மறுபடி எப்படி இலை விட்டிருக்கின்றன, கொத்தமல்லி இனத்துச் செடி ஒன்று சரிகை பின்னினாற்போல நறுக்கு நறுக்கான இலையோடு படர்ந்திருக்கிறது, புதுக்காற்று அதை ஆட்டுகிறது. அந்த வரிக்குள் ஒரு சின்ன வார்த்தையை நுழைத்திருக்கிறார்: பாரும். கடவுளைப் பார்த்துச் சொல்கிறார். ஆறு மாதம் கண்ணைத் தாழ்த்தி நடந்த மனிதர், தோற்றுப்போன வழக்கின் நடுவில், எதிர்க்கட்சிக்காரரின் கையைப் பிடித்து இழுத்து அவருடைய தோட்டத்தையே காட்டுகிறார். பறவைகள் கூடு கட்டுகின்றன, நான் கட்டவில்லை என்கிறார். கடைசி வரியில் கேட்பது ஒன்றே ஒன்று: உயிரின் ஆண்டவரே, என் வேர்களுக்கு மழை அனுப்பும்.